அத்தா சென்ற மாலை வகுப்பு

கல்வி என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது இளமைப் பருவமே. ஐந்து வயதில் பள்ளி வாயிலில் நுழைகிறோம். இருபது வயதைக் கடந்ததும் பட்டத்தைக் கையில் ஏந்தி வெளியே வருகிறோம். அத்துடன் கற்க வேண்டிய கடன் தீர்ந்தது என எண்ணிப் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். வள்ளுவப் பெருந்தகை கல்வியை மணற்கேணிக்கு ஒப்பிட்டார். அவ்வுவமையைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்று விளக்கியவன் நான். ஆயினும் அதன் முழுப்பொருளை எனக்கு உணர்த்தியவர் ஆசிரியர் எவருமல்லர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியைவிட்டு நின்று, வீடுகளுக்கு மின்கம்பி இழுத்துப் பிழைத்த என் அத்தாவே ஆவார். தமிழ்த்துறை வெளியிடும் சிறப்பு மலரில் மின்தொழிலாளி ஒருவரின் வரலாற்றுக்கு என்ன இடம் என அன்பர்கள் ஐயுறலாம். இறுதிவரை படித்தபின் அவ்வையம் நீங்கும் என நம்புகிறேன்.

அத்தா 1943ஆம் ஆண்டு பிறந்தவர். பதின்மூன்று வயதில் மூத்த வயர்மேன் ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்தார். எங்கள் வட்டாரத்தில் மின்விளக்கு ஓர் அதிசயமாக இருந்த காலம் அது. மரச்சட்டத்தின் பள்ளத்தில் கம்பியைப் படுக்கவைத்து மேலே மரமூடி போடும் வேலையிலிருந்து, தேக்கு ரீப்பரில் கிளிப் அடித்துக் கம்பியை வரிசையாகப் பிடிக்கும் வேலை வரை அனைத்தையும் மேஸ்திரியின் கையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். புத்தகம் இல்லை, கரும்பலகை இல்லை. அடி வாங்கியும் அதிர்ச்சி வாங்கியும் கற்ற கல்வி அது. இருபது ஆண்டுகளில் ஊரில் அவருக்கென ஒரு பெயர் உண்டாயிற்று. புதுவீடு கட்டுவோர் கொத்தனாருக்குச் சொல்லியனுப்பும்போதே அத்தாவுக்கும் சொல்லியனுப்புவர். அந்தப் பெருமிதத்தோடுதான் 1979ஆம் ஆண்டு தாம் கட்டிய சிறு வீட்டிற்கும் தம் கையாலேயே கம்பி இழுத்தார்.

1988ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நான் அப்போது இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவன். முந்திய இரவு பலத்த காற்றும் மழையும். விடியற்காலையில் அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, கிரைண்டரும் ஓசை அடங்கிற்று. மின்சாரம் போய்விட்டது என்றே அனைவரும் எண்ணினோம். அரைபட்ட மாவை வழித்தெடுக்க எண்ணி, அம்மா ஈரக்கையோடு கிரைண்டரின் இரும்பு உடலைத் தொட்டார்கள். அடுத்த நொடி எழுந்த அலறல் இன்றும் என் செவிகளில் ஒலிக்கிறது. நான் கையில் புத்தகத்தோடு நிலைப்படியில் விறைத்து நின்றேன். அத்தாவோடு விடுமுறை நாள்களில் வேலைக்குப் போய்வந்த என் தம்பி, பதினான்கு வயதுச் சிறுவன், அம்மாவைத் தொடாமல் ஓடிச்சென்று மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தான். அம்மா பிழைத்தார்கள். ஆனால் வலக்கையின் இரண்டு விரல்கள் கருகிப் பின்னர் மடங்கியே நின்றுவிட்டன.

வெளியூர் வேலையிலிருந்து அத்தா அன்று மாலை திரும்பினார். கம்பத்திலிருந்து வீட்டிற்கு வரும் நியூட்ரல் கம்பி காற்றில் அறுந்து கிடந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தார்கள். “நியூட்ரல் அறுந்தால் விளக்கு அணையும். அது சரி. கிரைண்டர் ஏன் அடிக்கணும்?” என்று அத்தா வாய்விட்டுக் கேட்டார். அக்கேள்விக்கு எவரிடமும் விடை இல்லை. இயந்திரத்தில் கோளாறு என்று ஒருவர் சொன்னார். விதி என்று மற்றொருவர் தேற்றினார். அவற்றுள் ஒன்றை ஏற்றுக்கொண்டு அவர் அமைதி அடைந்திருக்கலாம். ஊரில் எவரும் அவரைக் குறைகூறவில்லை. ஆனால் தாம் கம்பி இழுத்த வீட்டில், விளக்கு எரியாத நேரத்தில், தம் மனைவியின் கை கருகியது எவ்வாறு என்பது தெரியாமல் அவரால் உறங்க இயலவில்லை. ஒரு வாரம் கழித்து, ஒன்பது கல் தொலைவில் உள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தின் வாயிலில் தம் மிதிவண்டியோடு போய் நின்றார்.

தொழிலில் இருப்போருக்காக அங்கு மாலைநேர வகுப்பு ஒன்று நடந்துவந்தது. பயிற்றுநர் முப்பது வயதைத் தொடாத இளைஞர். “பாய், நீங்களா? உங்க வயசுக்கு நாங்க என்ன சொல்லிக் கொடுக்கறது?” என்று தயங்கினாராம். “சார், எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரியணும். அதுக்கு எத்தனை மாசம் ஆனாலும் வர்றேன்” என்றாராம் அத்தா. மஃக்ரிபு தொழுதுவிட்டு உடனே மிதிவண்டியில் ஏறிச் செல்வார். மாலை வேலைகளை விட்டுக்கொடுத்ததால் வருமானம் குறைந்தது. அம்மா வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை; இடக்கையால் சமைக்கப் பழகிக்கொண்டார்கள்.

அத்தா தேடிய விடை மூன்றாம் வாரத்தில் கிடைத்தது. அதனை இங்கு விளக்கிச் சொல்ல விழைகிறேன். ஏனெனில் இதைப் படிப்போர் வீடுகளிலும் அந்தப் பிழை இருக்கக்கூடும்.

வீட்டிற்குள் மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பியைத் தொழிலாளர் லைன் அல்லது பேஸ் என்பர். சென்ற மின்சாரம் திரும்பும் வழி நியூட்ரல். மூன்றாவது எர்த்து. அது வீட்டு முற்றத்தில் குழிதோண்டி மண்ணோடு இணைக்கப்படுவது. விளக்கெரியவும் விசிறி சுழலவும் எர்த்து தேவையில்லை. கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்துவிட்டால், அதனை மனித உடல் வழியாகச் செல்லவிடாமல் மண்ணுக்குக் கொண்டுசெல்வதே அதன் பணி. மூன்று துளைப் பிளக் புழக்கத்திற்கு வந்த நாளில், அத்தாவின் மேஸ்திரி அவருக்கு ஒரு சுருக்குவழி கற்பித்திருந்தார். மூன்றாவது துளைக்குத் தனிக்கம்பி இழுக்க வீட்டுக்காரர் காசு தரமாட்டார். ஆகவே எர்த்துத் துளையை நியூட்ரலோடு சேர்த்து முடிந்துவிடு. நியூட்ரலும் மண்ணில்தானே போய் முடிகிறது என்பதே அது.

அதில் பாதி உண்மை இருந்தது. மின்மாற்றியின் அருகே நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்பட்டே உள்ளது. டெஸ்டரை வைத்துப் பார்த்தாலும் நியூட்ரலில் விளக்கு மின்னாது, எர்த்திலும் மின்னாது. டெஸ்டரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எனவே முப்பதாண்டுகள் அந்தப் பிழை பிழையாகத் தோன்றவே இல்லை. பயிற்றுநர் கரும்பலகையில் மின்மாற்றியையும் கம்பத்தையும் வீட்டையும் வரைந்தார். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கில் சேர்த்துக் காட்டினார். பிறகு கம்பத்திற்கும் வீட்டிற்கும் நடுவே நியூட்ரல் கோட்டை விரலால் அழித்துவிட்டு, “திரும்பும் வழி அறுந்துபோச்சு. லைனில் வந்த மின்சாரம் இப்ப எங்கே நிற்கும்?” என்று வகுப்பைக் கேட்டார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து அத்தா எழுந்து நின்றார். “என் வீட்டு அடுப்படியில, சார்” என்றார்.

எரிகின்ற நிலையில் விடப்பட்ட விளக்கின் இழை வழியாகவும், கிரைண்டர் மோட்டாரின் சுருள் வழியாகவும் லைனின் அழுத்தம் அறுந்த நியூட்ரல் முழுவதும் பரவி, அங்கிருந்து சேர்த்து முடிந்த முடிச்சு வழியாகக் கிரைண்டரின் உடலுக்கு ஏறியிருக்கிறது. விளக்கு எரியாததால் மின்சாரம் இல்லை என நாங்கள் நம்பியிருந்த அதே நொடியில், இரும்பு உடலில் 230 வோல்ட் காத்திருந்தது. ஃபியூஸ் ஏன் காப்பாற்றவில்லை? 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பியைக் காக்க அமைந்தது. மனிதரைக் காக்க அன்று. மனித உடலுக்கு 30 மில்லி ஆம்பியரே பேரிடர். அதைப்போல் நூற்றறுபது மடங்குக்கும் மேலான மின்னோட்டத்தைக்கூட அந்த ஃபியூஸ் தடையின்றிச் செல்லவிடும்.

அன்றிரவு அத்தா வீடு திரும்பி, அம்மாவின் அருகில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்பதை நான் அறியேன். மறுநாள் காலை முற்றத்தில் குழி தோண்டத் தொடங்கினார். எட்டடி நீள இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இட்டு மூடினார். அதிலிருந்து அடுப்படி வரை தனியே ஒரு கம்பியை இழுத்தார். “வெயில் காலத்துல இந்தக் குழிக்குத் தண்ணி ஊத்தணும். காய்ஞ்சு போனா எர்த்து வேலை செய்யாது” என்றார். அன்றுமுதல் அரிசி கழுவிய நீரை அம்மா அங்கேதான் ஊற்றுவார்கள்.

இனி என் நிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தந்தை மாலை வகுப்பிற்குச் செல்வது எனக்கு வெட்கமாக இருந்தது. என் வயதுப் பிள்ளைகளோடு அவர் பெஞ்சில் அமர்வதை நண்பர்கள் அறிந்தால் நகைப்பார்களே என அஞ்சினேன். ஓர் இரவு அவர் தம் நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, “தம்பி, நீ தமிழ் படிக்கிற பிள்ளை. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடைன்னு எழுதிப் போட்டிருக்காங்க. வோல்ட், ஆம்பியர், ஓம்னா எனக்குத் தெரியும். இந்தச் சொல்லெல்லாம் பழகலையே” என்றார். நான் பகுபத உறுப்பிலக்கணம் சொல்வதுபோல் அச்சொற்களைப் பிரித்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அழுத்தம் இருக்கு, ஓட்டம் இல்லைன்னா என்ன அர்த்தம்?” என்று வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. அவரே சொன்னார்: “மேல்நிலைத் தொட்டி நிறைய தண்ணி இருக்கு. குழாய் மூடியிருக்கு. அதுதான். நம்ம கிரைண்டர்ல அன்னைக்கு அழுத்தம் மட்டும்தான் இருந்துச்சு. உங்க அம்மா கைதான் குழாயைத் திறந்துச்சு.”

சொல்லை நான் அறிந்திருந்தேன். பொருளை அவர் அறிந்திருந்தார். அன்றுமுதல் இருவரும் இரவுதோறும் சேர்ந்து படித்தோம். கலைச்சொல்லாக்கம் பற்றிப் பிற்காலத்தில் நான் எழுதிய கட்டுரைகளுக்கெல்லாம் வித்து அந்த இரவுகளிலேயே விழுந்தது. தொழிலாளிக்கு அறிவியல் அவன் தாய்மொழியில் சென்றடைய வேண்டும் என்பதோடு, அம்மொழி அவன் கையறிவோடு பொருந்தும்படி அமைய வேண்டும் என்பதையும் அங்கேதான் உணர்ந்தேன்.

கல்லூரி நூலகத்தில் படித்த மைக்கேல் பாரடேயின் வரலாற்றை ஓரிரவு அவருக்குச் சொன்னேன். இலண்டனில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகக் கட்டுநரிடம் ஏழாண்டுகள் தொழில் பயின்றவர் அவர். வேலை முடிந்த மாலை வேளைகளில், ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்தி அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்டார். 1812ஆம் ஆண்டு ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைத் தம் கையாலேயே கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே அவருடைய ஆய்வகத்தில் உதவியாளரானார். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். இன்று உலகெங்கும் சுழலும் மின்னாக்கிகளும், நம் தெருமுனை மின்மாற்றியும் அத்தத்துவத்தின் வழிவந்தவையே. “அப்போ மின்சாரமே மாலை வகுப்புல இருந்து வந்ததுதானா?” என்று கேட்டு அத்தா சிரித்தார். விபத்திற்குப் பின் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

1990ஆம் ஆண்டு, தம் நாற்பத்தேழாம் வயதில் அத்தா தேர்வில் வென்று சான்றிதழ் பெற்றார். ஊரார் பாராட்டினர். ஆனால் அவருடைய உண்மையான தேர்வு அதன் பிறகே தொடங்கியது. தாம் எந்தெந்த வீடுகளில் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முடிந்தார் என்பதை நினைவுகூர்ந்து ஒரு பட்டியல் எழுதினார். 47 வீடுகள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு வீட்டின் கதவைத் தட்டி, “நான் செய்த வேலையில் ஒரு தப்பு இருக்கு. கூலி வேண்டாம், சரிசெய்து தர்றேன்” என்பார். சிலர் கண்கலங்கினர். சிலர் கடிந்துகொண்டனர். கம்பிக்குக் காசு பறிக்க வந்த தந்திரம் என ஐயுற்றோரும் உண்டு. தொழில் தெரியாதவர் என்று பேச்சுப் பரவி, வரவேண்டிய வேலைகள் சில கைநழுவின. “எதுக்குப் பாய் நீங்களே போய் மாட்டிக்கறீங்க?” என்று சக தொழிலாளர் கேட்டபோது அவர் சொன்ன விடை இது: “தெரியாதப்போ செஞ்சது தப்பு. தெரிஞ்ச பிறகும் சும்மா இருந்தா அது வேற.” நான்கு ஆண்டுகளில் 44 வீடுகளுக்கு எதிரே குறியிட்டார். மூன்று வீட்டார் கதவைத் திறக்க மறுத்துவிட்டனர்.

அன்பர்களே, என் தந்தையை உயர்த்திக் கூறுவதற்காக மட்டும் இதனை எழுதவில்லை. கைத்தொழில் என்பது ஒருமுறை கற்றால் ஆயுள் முழுதும் போதும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மருத்துவர் புதிய நூல்களைப் படிக்க வேண்டும் என எதிர்பார்க்கிறோம். ஆசிரியர் புத்தொளிப் பயிற்சிக்குச் செல்ல வேண்டும் என விதிக்கிறோம். நம் பிள்ளைகள் உறங்கும் அறையின் சுவருக்குள் உயிர்க்கம்பியைப் பதிப்பவர் மட்டும் மீண்டும் கற்க வேண்டாமா? உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே மின்பணிகளைச் செய்தல் வேண்டும், தகுதிச் சான்றிதழ் பெற்றவர் அவற்றை நேரில் மேற்பார்வையிடல் வேண்டும் என 1956ஆம் ஆண்டின் இந்திய மின் விதிகளே வகுத்தன. விதி இருந்தது, அதனை எட்டிப்பிடிக்கும் ஏணிதான் எல்லாத் தெருக்களிலும் இல்லை.

தொழிலோ நாள்தோறும் மாறிவருகிறது. அத்தா கற்ற மரச்சட்டம் மறைந்தது. ஃபியூஸ் கட்டையின் இடத்தில் எம்.சி.பி. வந்தது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வந்தது. அதனைப் பொருத்தும்போது அடிக்கடி துண்டிக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டு நேரே இணைப்போரும் உளர். ஏன் துண்டிக்கிறது என அறியாமையே அதற்குக் காரணம். என் தம்பி 2009ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு மின்பணிக்குச் சென்றான். நம் நாட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் மின்சாரம் வரும் கம்பிகள், கருப்பு நியூட்ரல். அவ்வாண்டு மார்ச்சு முதல் அங்கு நடைமுறைக்கு வந்த புதிய முறையில் பழுப்பு, கருப்பு, சாம்பல் மூன்றும் மின்சாரம் வரும் கம்பிகள்; நீலம் நியூட்ரல். நம்மவன் கருப்பைக் கண்டு அச்சமின்றித் தொட்டால் என்னவாகும்? அவனுக்கு அங்கு முதலில் கற்பித்தது இந்நிறங்களையே. அதனை அவன் தொலைபேசியில் சொன்னபோது அத்தா, “நல்ல வேளை, முதல்லயே சொல்லிக் கொடுத்தாங்க” என்று பெருமூச்சு விட்டார்.

இன்று கூரைகளில் சூரிய மின்தகடுகள் ஏறிவருகின்றன. மெயின் சுவிட்சை இழுத்தால் மின்சாரம் நிற்கும் என்பது நம் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம். வெயில் அடிக்கும்வரை தகட்டிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் நிற்பதில்லை. மேலும் நம் வீட்டு மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டுவருவதால், சுவிட்சில் எழும் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. தகட்டிலிருந்து வருவது நேர்திசை மின்னோட்டம். அதில் எழும் பொறி எளிதில் அணையாது. பழைய சுவிட்சைக் கொண்டு புதிய மின்சாரத்தை ஆள முற்படும் கைக்கு யார் இதனைச் சொல்வது?

வழிகள் இல்லாமல் இல்லை. நம் மாநிலத்தில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தப்பெறுகிறது. 21 வயதும் ஐந்தாண்டுப் பட்டறிவும் உள்ளோர் எழுதலாம். உச்ச வயது வரம்பு இல்லை. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம், முறையாகப் படிக்காமல் தொழில் கற்றோரின் திறனைச் சோதித்துச் சான்றளிக்கவும் வகைசெய்தது. ஆயினும் சான்றிதழ் வேறு, கற்றல் வேறு. நாள் முழுதும் சுவர் கொத்திய உடலோடு வருபவனுக்கு, அவன் மொழியில், அவனுக்கு ஏற்ற நேரத்தில், கூலியை இழக்காமல் கற்க இடம் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் இத்தகைய தந்தையர் இருப்பின் அவர்தம் நோட்டுப் புத்தகத்தை நீங்கள் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆசிரியப் பெருமக்களே, இயற்பியலாரும் தமிழாரும் ஒன்றுகூடின் எளிய தமிழில் ஒரு கையேடு உருவாகாதா? சமுதாயப் பெரியோர்களே, நம் கல்லூரிக் கட்டடங்கள் மாலை ஐந்து மணிக்குமேல் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை ஓர் அறையைத் திறந்துவைத்தால், ஊரிலுள்ள வயர்மேன்கள் வந்து அமர்வார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் எந்த வீட்டு அடுப்படியைக் காப்பாற்றும் கேள்வி இருக்கிறதென்பதை நாம் முன்கூட்டி அறிய இயலாது.

அத்தா 2014ஆம் ஆண்டு இறையடி சேர்ந்தார். அவருடைய பெட்டியில் சான்றிதழின் கீழே அந்தப் பட்டியல் இருந்தது. குறியிடாத மூன்று வீடுகளைத் தேடி, அவரிடம் தொழில் பயின்றவர் ஒருவரை அழைத்துக்கொண்டு சென்றேன். ஒன்று இடிக்கப்பட்டுவிட்டது. ஒன்றில் புதிதாகக் கம்பி இழுத்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில் முதியவர் ஒருவர் கதவைத் திறந்தார். நான் இன்னாரின் மகன் என்றதும் உள்ளே வரச் சொன்னார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். முடிச்சு அப்படியே இருந்தது. மாலைக்குள் தனிக்கம்பி இழுத்து முடித்தோம். வீடு திரும்பி, பட்டியலில் கடைசிக் குறியை நான் இட்டேன். பிறகு முற்றத்திற்குச் சென்று, கோடைக்காலம் ஆதலால், குழிக்கு ஒரு குடம் நீர் ஊற்றினேன்.